துண்டுக்கடியில் ஒரு கைப்பிடி

மாரண்டஹள்ளியில் ஒருவருடைய ரத்த அழுத்தத்தை அளப்பது சுலபம். அளந்த எண்ணை அவரை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் கஷ்டம். நூற்றி அறுபது என்று சொன்னால் நம் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். பிறகு, நூற்றி நாற்பது என்று போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்பார்கள். முடியாது என்றால், சரி, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், நூற்றி ஐம்பதில் முடித்துவிடு என்பார்கள். ஒரு தக்காளி வியாபாரி, பக்கத்துக் கடைக்காரருக்கு எவ்வளவு வந்தது என்று கேட்டார். அதைச் சொல்லக் கூடாது என்றேன். அப்படியென்றால் அவனுக்குக் குறைத்துத்தான் போட்டிருக்கிறாய் என்று என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

எடை மெசின் கதை வேறு. முத்திரை குத்திய இரும்புக்கல் ஒன்றை உள்ளேயிருந்து எடுத்துவந்து எங்கள் மெசின்மேல் வைத்து, சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் ஏறி நிற்பார்கள். என்னோடு வேலை செய்யும் காவியாவுக்கு ஆரம்பத்தில் இது அவமானமாக இருந்தது. அவள் நர்சிங் படித்தவள், கும்பகோணத்துப் பக்கம். எங்கள் ஊரில் சொந்தத் தம்பி தராசு பிடித்தாலும் முள்ளைப் பார்ப்போம் என்று சொல்லி வைத்தேன். அதற்குப் பிறகு அவளே கல்லைக் கேட்டு வாங்கி வைக்க ஆரம்பித்தாள்.

நான் இந்த ஊர்க்காரன்தான். பெயர் இளம்பரிதி. அப்பா பச்சியப்பன் புளித் தரகர். அவர் போன பிறகு தரகு, நிலம், இன்ஷூரன்ஸ் என்று எல்லா வியாபாரமும் செய்து பார்த்து, கடைசியில் இந்த சர்வே வேலைக்கு மேற்பார்வையாளனாக வந்து சேர்ந்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் எப்படி இருக்கிறார்கள், யாரோடு இருக்கிறார்கள், எதை நம்பி இருக்கிறார்கள் என்று சென்னையிலிருந்து ஒரு ஆராய்ச்சிக் குழு விசாரிக்கிறது. கேள்விகளோடு உயரம், எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், காகிதத்தில் ஒரு சொட்டு ரத்தம், கடைசியாகக் கைப்பிடி பலம். கேள்வி மட்டும் கேட்டால் போதாதா என்று பயிற்சியில் ஒருத்தர் கேட்டார். வாய் சொல்வதும் உடம்பு சொல்வதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்று படம் போட்டு விளக்கினார்கள். எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. மூட்டையின் வாயில் நல்ல புளியை வைத்து அடியில் பழசைத் திணிக்கிறவர்கள் நடுவில் வளர்ந்தவன் நான். கையை உள்ளே விட்டுப் பார்க்காமல் எங்கள் தெருவில் யாரும் விலை பேசியதில்லை.

கைப்பிடி பலம் அளக்கும் கருவிக்குச் சந்தையில் அமுக்கு மெசின் என்று பெயர் வந்துவிட்டது. சைக்கிள் பிரேக் மாதிரி ஒரு பிடி, அதன்மேல் கடிகாரம் மாதிரி ஒரு முள். முடிந்த மட்டும் அமுக்கினால் எத்தனை கிலோ என்று முள் காட்டும். கைப்பிடி தளர்ந்தால் மொத்த உடம்பும் தளர்கிறது என்பதற்கு அது ஒரு அடையாளமாம். ஒவ்வொரு கைக்கும் இரண்டு முறை. அதிகமாக வந்ததைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் மாதம், புளி வரத்து உச்சத்தில் இருக்கும்போது, கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டதில் ரோசம்மாள் பெயர் வந்தது.

தெரிந்தவர்களை நாமே அளக்கக் கூடாது, கூட வந்தவர் அளக்க வேண்டும் என்பது எங்கள் விதி. கூட வந்தவள் காவியா. அவளுக்கு ரத்தம் எடுக்கும் வேலையே சரியாக இருக்கும், அமுக்கு மெசின் என் பொறுப்பு. அதுவும் போக, இந்த ஊரில் எனக்குத் தெரியாத ஆளைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு சர்வே எடுக்க வேண்டும்.

ரோசம்மாள் பஸ் நிலையத்துக்குப் பின்னால் புளி மண்டி வைத்திருப்பவர். அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். என் அப்பாவுக்கும் அக்கா, எனக்கும் அக்கா, லோடு இறக்க வரும் பையன்களுக்கும் அக்கா. மண்டிக்குள் நுழைந்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. கொட்டையெடுத்த புதுப்புளி, சாக்கு, கொஞ்சம் உப்பு. பல்லின் ஓரத்தில் தண்ணீர் ஊறியது. அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது எங்கள் வீடு முழுக்க இந்த வாசனைதான் இருக்கும். இத்தனை வருடத்தில் அந்த வாசனையை நான் தேடிப் போனதில்லை. அது என்னை மறக்கவில்லை போலிருக்கிறது.

நாங்கள் போன நேரம் உள்ளே சண்டை. ரோசம்மாளின் ஒரே மகள் சுகுணா ஓசூரிலிருந்து வந்திருந்தாள். அங்கே ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. போன வாரம் மண்டியில் பத்துக் கிலோ எடைக்கல் ரோசம்மாள் கையிலிருந்து நழுவி, கால் விரலுக்குப் பக்கத்தில் விழுந்து தரையைப் பெயர்த்துவிட்டது. மூட்டை தூக்கும் மாதப்பன் இதை போனில் மகளிடம் சொல்லிவிட்டார். அந்தக் குற்றத்துக்காக அவர் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்தபடி பீடி பிடித்துக்கொண்டிருந்தார். மண்டியை மூடிவிட்டு ஓசூருக்கு வந்துவிட வேண்டும் என்பது சுகுணாவின் பேச்சு. கல்லில் எண்ணெய் இருந்தது என்பது ரோசம்மாளின் பேச்சு.

எங்களைப் பார்த்ததும் இருவரும் சண்டையை அப்படியே நிறுத்தி நாற்காலி போட்டார்கள். வாடிக்கையாளர் வந்தால் சண்டையை ஒத்திவைப்பது அந்த மண்டியின் பழைய வழக்கம்.

காவியா கேள்விகளை ஆரம்பித்தாள். பொதுவாக உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு, மிகவும் நன்றாக என்று ரோசம்மாள் சொன்னார். மகள் பக்கத்திலிருந்து சிரித்தாள். விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் காகிதத்தில் வாங்கியபோது, ஒரு சொட்டு போதுமா, கொசுறு வேண்டாமா என்று காவியாவைக் கேட்டார். உயரம் பார்த்தோம். எடை மெசினுக்கு, அந்தக் காலில் விழ இருந்த அதே பத்துக் கிலோ கல் வந்தது. மாதப்பன்தான் எடுத்துவந்து வைத்தார். ரோசம்மாள் எடுக்கவில்லை என்பதை மகளும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

பிறகு நான் அமுக்கு மெசினைப் பெட்டியிலிருந்து எடுத்து, அது என்ன செய்யும் என்று விளக்கினேன். விளக்கியது தப்பாகப் போயிற்று. சுகுணா நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"பரிதியண்ணா, கையில பலம் இருக்குதா இல்லியான்னு இது சொல்லிருமா?"

கிலோவைச் சொல்லும் என்றேன்.

"அப்பறம் என்னாத்துக்கும்மா நாம தொண்ட வத்தக் கத்தணும்? மெசினே சொல்லட்டும். நல்லாருக்குதுன்னா நான் இனிமே வாயத் தெறக்க மாட்டேன். இல்லைன்னா மே மாசம் மண்டிச் சாவி என் கையில."

ரோசம்மாள் என் கையிலிருந்த மெசினைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். முள் வைத்த எதையும் அவமதிக்க எங்கள் ஊரில் யாருக்கும் மனசு வராது. முள் என்றால் தராசு, தராசு என்றால் தீர்ப்பு.

"சரி. முள்ளு சொல்றதுக்குக் கட்டுப்படறேன்" என்றார்.

நான் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னேன். இது ஆயிரக்கணக்கான பேரை அளந்து மொத்தத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்வதற்கான மெசின். ஒருத்தர் மண்டி நடத்தலாமா கூடாதா என்று இதற்குத் தெரியாது. இதில் பாஸ், ஃபெயில் கிடையாது. காவியாவும் அதையே அழகான தமிழில் சொன்னாள். இருவர் காதிலும் ஏறவில்லை. தராசுக்காரன் தன் தராசைப் பற்றிப் பேசுவதை எங்கள் ஊரில் யார் கேட்டார்கள்?

முதல் முறை. ரோசம்மாளை நேராக உட்காரவைத்து, முழங்கையை மடித்து வைத்துக்கொள்ளச் சொல்லி, வலது கையில் மெசினைக் கொடுத்தேன். அமுக்கினார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. முள் கொஞ்சம் நகர்ந்து நின்றது. நான் மறைப்பதற்குள் சுகுணா எட்டிப் பார்த்துவிட்டாள்.

பன்னிரண்டு என்று வாய்க்குள் சொன்னாள். ஜெயித்தவளின் குரலில் அதைச் சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் பயந்துபோயிருந்தாள். எவ்வளவு இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டாள். பயிற்சியில் ஒரு கோடு காட்டியிருந்தார்கள், அது பன்னிரண்டுக்கு நன்றாக மேலே. சொல்லக் கூடாது என்று சமாளித்தேன்.

எனக்குக் கவலையே இல்லை. ரோசம்மாளின் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. அது விற்பனை முகம். எங்கள் சந்தையில் முதலில் சொல்லும் எண் நிஜமாக இருந்து நான் பார்த்ததில்லை. அமுக்கு மெசினிலும் அப்படித்தான். முதல் முறை எல்லோரும் கொஞ்சம் கையில் வைத்துக்கொண்டுதான் அமுக்குவார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று. இரண்டாம் முறையில்தான் சரக்கு வெளியே வரும். இரண்டு முறை என்று விதி எழுதியவர் எங்கள் சந்தைக்கு எப்போதோ வந்து ஏமாந்தவராக இருக்க வேண்டும்.

இன்னொரு முறை பாக்கி இருக்கிறது, அதிகமாக வருவதுதான் கணக்கு என்றேன். ரோசம்மாள் மெசினை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏப்பா பரிதி, நாலு பேரு பாக்கறாப்பல வெல சொல்ற பழக்கம் எனக்கில்ல. துண்டு போடு."

காவியா என்னைப் பார்த்தாள். எதற்குத் துண்டு என்று அவளுக்குப் புரியவில்லை.

எங்கள் பக்கம் புளிக்கும் மாட்டுக்கும் விலை அப்படித்தான் பேசுவார்கள். விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்கடியில் கோத்துக்கொள்ளும். எந்த விரல், எத்தனை விரல் என்பதுதான் விலை. சுற்றி நிற்கிறவனுக்கு இரண்டு முகங்கள் மட்டும் தெரியும், அந்த முகங்களில் ஒன்றும் தெரியாது. துண்டுக்கு வெளியே எவ்வளவு பொய் வேண்டுமானாலும் சொல்லலாம், பிள்ளைமேல் சத்தியம் வைக்கலாம், எழுந்து போவது போலச் செருப்பை மாட்டலாம். துண்டுக்குள்ளே பொய் கிடையாது. பொய்விரல் பிடித்தவனோடு மறுநாள் யாரும் கை கோக்க மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. எதிராளி உன் விரலைப் பிடித்து விடாமல் வைத்திருந்தால், பேரம் இன்னும் முடியவில்லை, வாயைத் திறக்காமல் இரு என்று அர்த்தம்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, ரோசம்மாளின் புருஷன் சவுரியப்பன் காமாலையில் இறந்துபோனார். காரியம் முடிந்து, ரோசம்மாள் மண்டியைத் திறந்து புருஷன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தார். சரக்கு இருந்தது. சுற்றி வியாபாரிகளும் இருந்தார்கள். ஒருவரும் விலை பேசவில்லை. ஒரு பொம்பளையின் கையைத் துண்டுக்கடியில் எப்படிப் பிடிப்பது? பாலக்கோட்டுக்காரர் காகிதத்தில் எழுதிக் காட்டலாம் என்றார். ஓசூர்க்காரர் காதில் சொல்லலாம் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் ரோசம்மாள் சவுரியப்பனின் துண்டை எடுத்துத் தன் முழங்கைமேல் தானே விரித்துப் போட்டுக்கொண்டு சொன்னதை எங்கள் சந்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

"புளிக்குத்தான் வெல கேட்டு வந்தீங்க. கையப் புடிக்கப் பயமா இருந்தா வூட்டுக்குப் போயி உங்க வூட்டு ஆளுங்களக் கேட்டுட்டு வாங்க. நான் இங்கியேதான் இருப்பேன்."

துண்டுக்குள் முதலில் கையை விட்டது என் அப்பா. அன்றைக்கு விலை படிந்தது. செய்தி எங்கள் வீட்டுக்கு அப்பாவுக்கு முன்னால் வந்து சேர்ந்தது. அம்மா ஒரு வாரம் ரசத்தில் புளி போடவில்லை. அப்பாவும் எதுவும் கேட்காமல் அதைக் குடித்தார். பல வருடங்கள் கழித்து, அம்மா சிரிக்கிற நிலைக்கு வந்த பிறகு, கை எப்படி இருந்தது என்று அவளே கேட்டாள். அப்பா தன் விரல்களை உதறிக் காட்டினார். கையா அது, இடுக்கி என்றார். அதற்குப் பிறகு தலைவலி, காய்ச்சல் என்று எது வந்தாலும் அம்மா அவரைக் கேட்பாள், இடுக்கிக்காரியிடம் மருந்து இருக்கிறதா என்று. அந்தச் சிரிப்புச் சத்தம் இருந்த வீட்டை இப்போது ஒரு செல்போன் கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன்.

மாதப்பன் மூட்டைக்குப் பின்னாலிருந்து துண்டோடு வந்தார். காவியா மெல்ல என்னிடம், விதிப் புத்தகத்தில் துண்டு இல்லையே என்றாள். துண்டு கூடாது என்றும் இல்லை, அளவு மற்றவர் கண்ணில் படக் கூடாது என்று இருக்கிறது என்றேன். அவள் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். நல்ல பெண்.

துண்டை விரித்தேன். மெசினின் அடியை என் இடது கையால் தாங்கிக்கொண்டேன், அதற்கு விதியில் இடம் உண்டு. ரோசம்மாளின் விரல்கள் என் விரல்கள்மேல் பட்டன. புளி பிசைந்து பிசைந்து ஓரங்கள் கருத்த விரல்கள். அப்பாவின் விரல்களும் அப்படித்தான் இருக்கும். ஒரு நிமிஷம், எதிரில் இருக்கும் கை இந்த இடத்தில் என் கையைத் தேடவில்லை, அப்பாவின் கையைத்தான் தேடுகிறது என்று தோன்றியது.

"முடிஞ்ச மட்டும், அக்கா" என்றேன்.

அமுக்கினார். விற்பனை முகம் போய்விட்டது. உதடு மடிந்தது, கழுத்து நரம்பு எழுந்தது, நாற்காலி கிறீச்சிட்டது. மூச்சு விட்ட பிறகும் பிடியை விடவில்லை. நானே போதும் என்றேன். துண்டின் ஓரத்தைத் தூக்கி இருவரும் குனிந்து பார்த்தோம்.

பதின்மூன்று.

முதல் முறை அவர் எதையும் கையில் வைத்துக்கொள்ளவில்லை. பேரம் பேசுகிற முகத்தை வைத்துக்கொண்டு இருந்ததையெல்லாம் கொடுத்திருக்கிறார். எனக்குத்தான் அது தெரியவில்லை. முகம் பார்த்து விலை சொல்கிறவன் என்று நான் சொல்லிக்கொண்டது அவ்வளவுதான்.

துண்டை எடுக்கப் போனேன். அடியில் என் இரண்டு விரல்களை அவர் பிடித்தார். இடுக்கி இல்லை. ஈரத்துணி ஒன்று சுற்றிக்கொண்டது போல இருந்தது. ஆனால் விடவில்லை. பேரம் முடியவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

எவ்வளவு என்று சுகுணா கேட்டாள். நான் கூரையைப் பார்த்தேன். எனக்காவது சொல்லுங்கண்ணா என்றாள். காவியா முன்னால் வந்து, அம்மாவின் அனுமதி இல்லாமல் யாருக்கும் சொல்ல முடியாது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம் என்றாள். ரோசம்மாள் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஜெயித்த சீட்டைக் கவிழ்த்து வைத்திருப்பவர் உட்காரும் விதம் அது. சுகுணாவின் முகத்தில் முதல் முறையாகச் சந்தேகம் வந்தது.

அங்கிருந்து பேரம் ஆரம்பித்தது. துண்டு அப்படியே இருந்தது, என் விரலும் அப்படியே இருந்தது. மண்டியை மூட முடியாது என்றார் ரோசம்மாள். மூடத்தான் வேண்டும் என்றாள் மகள். எடைக்கல் தொட மாட்டேன் என்றார். யார் தொடுவார்கள் என்றாள். மாதப்பன் தொடுவான், வாய் நீளமாக இருந்தாலும் கை சுத்தம் என்றார். மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு இருமல் கேட்டது. காலையில் திறந்து மத்தியானம் மூடிவிடுவதாகச் சொன்னார். மழைக்காலத்தில் புளி வரத்து இல்லாத மாதங்களுக்கு ஓசூருக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். சுகுணா ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் விட்டுக்கொண்டிருந்தாள். அவளும் இந்த மண்டியில் மூட்டைமேல் படுத்து வீட்டுப்பாடம் எழுதியவள்தான். எனக்கு அந்தச் சத்தம் எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்படி ஒரு இழுபறியைக் காது குளிரக் கேட்டு வருடங்கள் ஆகியிருந்தன.

கிட்டத்தட்டப் படிந்துவிட்டது. அப்போது, யாரும் கேட்காமல், ரோசம்மாள் ஒன்று சேர்த்தார்.

"ஓசூரு வந்தா இந்தக் கைய ஒரு நல்ல டாக்டருகிட்ட காட்டலாம்."

சுகுணா பேச்சை நிறுத்தினாள். தன் அம்மா கேட்காமல் விட்டுக்கொடுத்து அவள் பார்த்ததில்லை. யாருமே பார்த்ததில்லை. அம்மாவின் கைமேல் கிடந்த துண்டைப் பார்த்தாள். பிறகு எழுந்து என் பக்கம் வந்தாள். நான் விலகினேன். என் விரலை ரோசம்மாள் விட்டார். மெசினை நான் எடுத்துக்கொண்டேன்.

பேரம் படிந்தால் துண்டுக்கடியில் கை குலுக்க வேண்டும். சுகுணா உட்கார்ந்து, துண்டுக்குள் கையை விட்டாள். அவள் பிறந்ததிலிருந்து பார்த்த துண்டு, கை விட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

துண்டு லேசாக நடுங்கியது. ரோசம்மாள் முழுசாகத்தான் அமுக்கியிருப்பார். உள்ளே பொய் கிடையாது.

சுகுணாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வியாபாரியின் மகள். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் கையை உள்ளேயே வைத்திருந்தாள். பிறகு, "சரிம்மா. அப்படியே ஆவட்டும்" என்றாள்.

துண்டை என் தோளில் போட்டுக்கொண்டு இடது கையை அளந்தேன், யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மாதப்பன் எங்களுக்கு டீ வாங்கிவந்தார். பெட்டிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது சுகுணா பஸ் நிலையம் வரைக்கும் கூட வந்தாள். பாலக்கோடு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. காவியா ஏறி இடம் பிடித்தாள்.

"எங்கம்மா கை இன்னும் கெட்டியாத்தாண்ணா இருக்குது" என்றாள் சுகுணா, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

"ஆமாம்மா. இடுக்கி" என்றேன்.

பஸ் கிளம்பியது. காவியா எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். வலது கைக்கு நேரே பதின்மூன்றைப் பார்த்தாள், ஜன்னலுக்கு வெளியே கையசைத்துக்கொண்டிருந்த சுகுணாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் என் தோளைக் காட்டினாள்.

மண்டித் துண்டு என் தோளிலேயே வந்திருந்தது. நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பாலக்கோடு வரைக்கும் பஸ்ஸில் புளி வாசனை அடித்தது. முன் சீட்டிலிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்து, கிலோ என்ன விலை போகிறது என்று கேட்டார்.